கணினி அகராதியின் வரிசை நியதி

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவிலிருந்தும், அதனைச் சூழ்ந்த இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள ஆலைகளிலிருந்தும் உதிரிப் பாகங்களை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் புறப்படுகிற லாரிகளின் ஓட்டுநர்கள் வைத்திருக்கும் இன்வாய்ஸ் தாள்களை எவரேனும் வாங்கிப் பார்த்தால், அவற்றுள் பலவற்றில் எண்ணும் எழுத்தும் கலந்த 64 குறிகளாலான ஒரு நீண்ட தொடரைக் காணலாம். 2020 அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும், எல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மின் இன்வாய்ஸ் முறையில், ஒவ்வோர் ஆவணத்துக்கும் உரிய ஐஆர்என் என்னும் தனி அடையாளம் அது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, ஆவண எண் ஆகிய விவரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஷா-256 என்னும் கணித முறைக்கு உட்படுத்தி அவ்வடையாளம் வருவிக்கப்படுகிறது. அவ்விவரங்கள் நான்கும் அட்சரம் பிசகாமல் சரியாகவே இருந்தாலும், அவற்றுள் இரண்டு தம்முள் இடம் மாறிவிட்டால், கிடைக்கும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். வரிசையானது பொருளின் ஓர் அங்கமாகவே நிற்கும் இடங்கள் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இத்தகைய விவரங்களை நிரல்கள் பெரும்பாலும் வைத்துக் காப்பது, பைத்தானில் டிக்‌ஷனரி என்றும், ஜாவாவிலும் கோ மொழியிலும் மேப் என்றும், பெர்லிலும் ரூபியிலும் ஹாஷ் என்றும் வழங்கும் அமைப்பிலேயாம். இதனை இக்கட்டுரையில் அகராதி என்றே வழங்குவோம். கீ என்று நிரலாளர் பேச்சில் வழங்கும் திறவுச்சொல் ஒன்றைக் கொடுத்தால், அதற்குரிய மதிப்பைத் தாமதமின்றித் தருவது இவ்வமைப்பின் தொழில். ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு மதிப்பைக் கேட்கும் வரையில் வரிசையைப் பற்றிய விவகாரம் எழுவதே இல்லை. உள்ளிருக்கும் திறவுச்சொற்கள் அனைத்தையும் எடுத்துக் காட்டு என்று கேட்கும் கணத்திலேதான், எதை முதலில் காட்டுவது என்ற வினா பிறக்கிறது. இவ்வினாவுக்கு நிரல் மொழிகள் அரை நூற்றாண்டாகக் கூறிவந்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவன. ஒரே மொழி தன் விடையைக் காலத்துக்குக் காலம் மாற்றிக்கொண்டதும் உண்டு. அவ்விடைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதும், தமிழில் எழுதப்படும் திறவுச்சொற்களுக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய்வதும் நமது நோக்கம்.

சொற்களைத் தொகுத்து வைப்போர் எந்த வரிசையில் வைப்பது என்று ஆலோசித்தது கணினி பிறந்த பிறகு அன்று. திவாகரமும் பிங்கலமும் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள் வகையால் சொற்களை நிறுத்தின. சூடாமணி நிகண்டின் பதினொராம் தொகுதி, பல பொருள் தரும் ஒரு சொற்களை எதுகை முறையால் அடுக்கிற்று. நூலை மனப்பாடம் செய்த மாணாக்கனுக்கு அதுவே சௌகரியம். 1594-ல் ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்தின் வரிசையைத் துணைக்கொண்டது. 1732-ல் வீரமாமுனிவர் தம் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு கூறாக வகுத்தபோது, நாடுவோரின் தேவை வேறுபடுமாயின் சொற்களை அடுக்கும் முறையும் வேறுபட வேண்டும் என்ற உண்மையை ஒரே நூலுக்குள் நிலைநாட்டினார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனோ, எழுத்து வரிசையை முழுவதும் கடைப்பிடித்து, பிற்கால அகராதிகளுக்கெல்லாம் பிரமாணமாக நின்றது. இந்நூல்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தன்மை கவனிக்கத்தக்கது: வரிசை எதுவாயினும், அதைத் தொகுத்தவர் தெரிந்தே வகுத்தார், படிப்பவரும் அது இன்னதென்று அறிந்தே நூலைத் திறந்தார். கணினி அகராதியின் சரித்திரம் இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. எவரும் வகுக்காத வரிசை ஒன்றை அது காட்டிற்று. பார்த்தவர்கள் அதை நியதியென்று நம்பினார்கள்.

வகுக்காத வரிசை எவ்வாறு உண்டாகும் என்பதை அறிய, ஆலை ஒன்றின் ஸ்டோர்ஸை மனத்தில் கொள்வோம். அங்கே எட்டு ரேக்குகள் இருப்பதாகவும், வரும் பாகத்தின் பார்ட் நம்பரை எட்டால் வகுத்து, மீதி எதுவோ அந்த எண்ணுள்ள ரேக்கில் அதை வைக்க வேண்டும் என்று விதி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 218, 420, 313 என்ற எண்ணுடைய பாகங்கள் இம்முறையே வந்து சேர்ந்தால் அவை 2, 4, 1 ஆகிய ரேக்குகளுக்குப் போகும். எந்தப் பாகத்தைக் கேட்டாலும் ஒரு வகுத்தலில் இடம் தெரிந்துவிடும். தேடி அலைய வேண்டியதில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1953-ல் எழுதிய குறிப்பில் முன்வைத்த ஹாஷ் முறையின் சாரம் இதுவே. ஆனால் ரேக்குகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் நமக்குத் தென்படுவது 313, 218, 420 என்ற முறை. வந்த முறையும் அன்று, எண் முறையும் அன்று. இட நெருக்கடியால் ரேக்குகளைப் பதினாறாக்கி, எல்லாப் பாகங்களையும் புது விதிப்படி மாற்றி வைத்தால், அதே மூன்றும் 420, 313, 218 என்று தோன்றும். சரக்கில் ஓர் அணுவும் மாறவில்லை. வரிசை மட்டும் மாறிப்போயிற்று. பழைய மொழிகளின் கைநூல்கள் அகராதிக்கு வரிசை இல்லை என்று எழுதி வைத்ததன் காரணம் இதுவே.

ஆயினும் கைநூலின் எச்சரிக்கையைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியும் பிரத்தியட்சத்துக்கு மனிதர் அதிக மதிப்புக் கொடுப்பது இயல்பு. ஒரு நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் அதே வரிசை வருமானால், அதனை நம்பி மற்றொரு நிரல் எழுதப்படும். அதன்மேல் சோதனைகள் எழுப்பப்படும். பிறகு மொழியின் அடுத்த பதிப்பில் உள்ளமைப்பைத் திருத்தியவுடன் எல்லாம் ஒருங்கே சரியும். 2012 மார்ச்சில் முதற்பதிப்பைக் கண்ட கோ மொழியின் ஆக்கியோர் இதற்குக் கண்ட பரிகாரம் கடுமையானது, ஆனால் நேர்மையானது. மேப்பைச் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் தொடங்கும் இடத்தை வேண்டுமென்றே மாற்றி, வரிசையை நம்பி எழுதப்பட்ட நிரல் முதல் நாளிலேயே தடுமாறும்படி அவர்கள் செய்துவிட்டார்கள். அதே மொழியில் மேப்பை, நிரல்கள் தமக்குள் விவரம் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் என்னும் எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது திறவுச்சொற்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன என்பதும், 1.12 பதிப்பு முதல் அச்சிடும்போதும் அவ்வாறே நிகழ்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கவை: உள்ளே உறுதிமொழி கிடையாது, வெளியே காட்டுமிடத்தில் திட்டமான உறுதி உண்டு.

வரிசையைக் குலைப்பதற்கு வேறொரு பலமான காரணமும் இருந்தது. ஒரே ரேக்குக்குப் போகும் எண்களையே தேர்ந்தெடுத்து ஆயிரக்கணக்கில் அனுப்பினால் ஸ்டோர்ஸ் எவ்வாறு ஸ்தம்பிக்குமோ, அவ்வாறே ஒரே இடத்தில் மோதும் திறவுச்சொற்களை அனுப்பி ஒரு சர்வரை முடக்கலாம் என்று 2003-ல் கிராஸ்பி, வாலக் என்னும் இருவர் ஆராய்ச்சிக் கட்டுரையில் காட்டினார்கள். பெர்ல் மொழி அவ்வாண்டே தற்காப்புத் தேடிக்கொண்டது. ஏனைய மொழிகள் பல அசட்டையாக இருந்தன. 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த மாநாடொன்றில் கிளிங்க், வேல்டே இருவரும் பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி முதலியவற்றில் அத்தாக்குதல் செல்லும் என்று நிரூபித்த பின்னரே அவை விழித்துக்கொண்டன. ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் ஓர் இரகசிய எண்ணைக் கலந்து ஹாஷைக் கணக்கிடும் முறை 2012-ல் பைத்தான் 3.3 பதிப்பில் இயல்பாக்கப்பட்டது. விளைவாக, நேற்று ஓட்டியபோது வந்த வரிசை இன்று வராது என்ற நிலை பைத்தானில் ஏற்பட்டு, மறைந்திருந்த பிழைகள் பல வெளிச்சத்துக்கு வந்தன.

பாதுகாப்பின் பொருட்டுக் குலைக்கப்பட்ட வரிசை, சிக்கனத்தின் பொருட்டு மீண்டு வந்ததுதான் இச்சரித்திரத்தின் மிகச் சுவையான அத்தியாயம். மேற்கூறிய ஸ்டோர்ஸில், வரும் சரக்கையெல்லாம் வந்த முறைப்படியே நெருக்கமாக ஓரிடத்தில் அடுக்கி, இன்வர்டு ரிஜிஸ்டரில் வரி வரியாகப் பதிந்துகொண்டு, ரேக்குகளில் சரக்குக்குப் பதிலாக ரிஜிஸ்டரின் வரி எண்ணை மட்டும் எழுதிய சிறு அட்டையை வைத்தால் என்ன? தேடும் வேகம் குறையாது. காலி ரேக்குகளால் வீணாகும் இடம் பெரிதும் மிச்சமாகும். ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-ல் பைத்தானுக்கு முன்மொழிந்தது இதையே. எட்டு அறைகளையுடைய சிறிய அகராதியை எடுத்துக்கொண்டால், பழைய முறையில் அறை ஒன்றுக்கு 24 பைட் வீதம் 192 பைட் செலவாகும். புது முறையில் அறைக்கு ஒரு பைட் வீதம் எட்டும், நிரப்பத்தக்க ஐந்து பதிவுகளுக்கு 120-உம் ஆக 128 பைட் போதும். பைபை என்னும் மாற்று அமைப்பு இதனை முதலில் கைக்கொண்டது. இனாடா நாவோகி என்னும் ஜப்பானியரின் முயற்சியால் 2016 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.6-இலும் இது புகுந்தது. முன்பதிப்பைவிட அகராதிகளுக்கு 20 முதல் 25 சதவீதம் வரை நினைவகம் மிச்சமாயிற்று. இட்ட முறையிலேயே திறவுச்சொற்கள் திரும்பி வந்தது, ஒருவரும் நாடிச் செல்லாமல் கிடைத்த உபபலன்.

அப்பலனை உறுதிமொழியாக்குவதா, வேண்டாமா என்பதைப் பற்றி ஓராண்டு விவாதம் நடந்தது. 3.6 பதிப்பின் ஆவணம் இதனை நம்பாதீர்கள் என்றே எச்சரித்தது. ஆனால் நம்பத்தக்கதாகவே எப்போதும் நடந்துகொள்ளும் ஒன்றை நம்பாதே என்று சொல்வது எத்தனை நாளைக்குச் செல்லும்? 2017 டிசம்பரில், மொழியைப் படைத்த குய்டோ வான் ரோசம் இட்ட வரிசையே மொழியின் விதி என்று தீர்ப்பளித்தார். 2018 ஜூனில் வெளிவந்த 3.7 பதிப்பு முதல் அது நிலைபெற்றது. ரூபி மொழி இதே முடிவை 1.9 பதிப்பிலேயே எடுத்திருந்தது. 2009 முதல் பைத்தானில் வரிசை காக்கும் தனி அகராதி ஒன்று இருந்துவந்ததையும், ஜாவாவில் லிங்க்டு ஹாஷ்மேப் 2002 முதல் உள்ளதையும் நினைத்துப் பார்க்கையில், வரிசையின் தேவை நெடுங்காலமாக உணரப்பட்டதே என்பது விளங்கும்.

இட்ட வரிசை என்பதற்கும் நுணுக்கமான விதிகள் உண்டு. பைத்தானில் ஏற்கெனவே உள்ள திறவுச்சொல்லுக்குப் புது மதிப்பைக் கொடுத்தால் அதன் இடம் மாறாது. நீக்கிவிட்டு மறுபடி இட்டால் கடைசிக்குப் போய்விடும். இரண்டு அகராதிகள் சமமா என்று ஒப்பிடும்போது வரிசை கணக்கில் கொள்ளப்படுவதில்லை. மேற்கூறிய வரிசை காக்கும் தனி அகராதிகள் இரண்டை ஒப்பிடும்போதோ கொள்ளப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் விதியோ ஆலைக்காரர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது. 2015-ன் நியமப்படி, முழு எண்ணாகப் படிக்கத்தக்க திறவுச்சொற்கள் எப்போது இட்டாலும் ஏறுவரிசையில் முன்னே வரும். மற்றவை இட்ட முறையில் பின்னே வரும். ஆகவே பார்ட் நம்பரைத் திறவுச்சொல்லாக வைத்தால், 420-ஐ முதலிலும் 218-ஐப் பின்னரும் இட்டாலும் 218 முந்திக்கொள்ளும். 0451 போலப் பூஜ்யத்தில் தொடங்குவது எண்ணாகக் கருதப்படாமல் எழுத்துத் தொடராகவே பின்னே நிற்கும். அசெம்பிளி லைனில் எந்தப் பாகம் எந்த முறையில் வர வேண்டும் என்பதை இவ்வமைப்பை நம்பி எழுதுபவர் நிச்சயம் இடர்ப்படுவார்.

எர்லாங் மொழியின் வழக்கம் இதனினும் அபாயகரமானது. அதில் 32 திறவுச்சொற்கள் வரையுள்ள சிறு மேப்புகள் வரிசையாகவே தோன்றிவந்தன; அதற்கு மேற்பட்டவை அவ்வாறல்ல. சோதனை அறையில் பத்துப் பதிவுகளோடு ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தவர், களத்தில் நூறு பதிவுகள் வந்தவுடன் திகைப்பார். 2023-ல் வந்த 26-ஆம் பதிப்பு, சிறு மேப்புகளிலும் ஆட்டம் எனப்படும் வகைத் திறவுச்சொற்களின் பழைய வரிசையை விலக்கிவிட்டது. அது நல்ல காரியமே.

ஒரே நிரலுக்குள் வரிசை காப்பது ஒரு விஷயம். இரு நிறுவனங்களுக்கிடையே காப்பது வேறு விஷயம். ஜேசன் வடிவத்தின் நியம ஆவணமாகிய 2017-ன் ஆர்எஃப்சி 8259, அதன் பொருட்கூட்டத்தை வரிசையற்றதென்றே வரையறுக்கிறது. அனுப்புபவர் எந்த முறையில் எழுதினாலும், பெறுபவரின் மென்பொருள் தன் இஷ்டப்படி அடுக்கிக்கொள்ளலாம்; சட்டப்படி அது குற்றமன்று. மின் இன்வாய்ஸைப் பதிவு செய்யும் தளம் தன் டிஜிட்டல் கையொப்பத்துடன் திருப்பித் தரும் ஆவணத்தில் இப்பிரச்சினை சாமர்த்தியமாகத் தவிர்க்கப்பட்டிருக்கிறது. கையொப்பமிடப்படுவது குறியேற்றம் செய்யப்பட்ட எழுத்துத் தொடர். அது பைட் பைட்டாக அப்படியே பயணம் செய்கிறது. அதனைப் பிரித்துப் படித்து, மீண்டும் ஜேசனாகக் கட்டி, அதன்மேல் கையொப்பத்தைச் சரிபார்க்க முயல்பவருக்கு, ஒரு திறவுச்சொல் இடம் மாறினாலும் சரிபார்ப்புத் தோற்றுவிடும். பெற்றதைப் பெற்றபடியே காப்பாற்ற வேண்டும் என்பதே அங்கு விதி. பிரித்துக் கட்டியே தீரவேண்டிய சந்தர்ப்பங்களுக்காக 2020-ல் ஆர்எஃப்சி 8785 ஏற்பட்டது. அது திறவுச்சொற்களை யுடிஎஃப்-16 குறியெண்ணின் ஏறுவரிசையில் நிறுத்தச் சொல்கிறது. ஒரே மூலநிரலிலிருந்து எங்கே கட்டினாலும் ஒரே பைட்டுகள் வரவேண்டும் என்று உழைத்துவரும் டெபியன் என்னும் இயங்குதளத்தின் குழுவினரும் இவ்வகராதி வரிசையைத் தம் பிரதான தடைகளுள் ஒன்றாகக் கண்டு, வெளியிடுமுன் வரிசைப்படுத்தும் வழக்கத்தைக் கைக்கொண்டனர்.

குறியெண் வரிசை இயந்திரத்துக்குப் போதும். தமிழ் படிக்கும் மனிதருக்குப் போதாது. யூனிகோடில் தமிழுக்குக் கிடைத்த இடவரிசை, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே சட்டகத்தை வகுத்த 1988-ன் இஸ்கி நியமத்திலிருந்து வந்தது. அதனால் னகரம் நகரத்தின் அடுத்தும், றகரம் ரகரத்தின் அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தின் அடுத்தும், ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவிலும் வீற்றிருக்கின்றன. ஆய்தம் அகரத்துக்கும் முன்னே நிற்கிறது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே தள்ளப்பட்டது. மயில், மலை, மழை, மறை, மனம் என்று நம் அகராதிகள் வைக்கும் சொற்களை, பைத்தானின் சாதாரண வரிசைப்படுத்தல் மனம், மயில், மறை, மலை, மழை என்று நிறுத்தும். அக்கா, அகம், அகாலம் என்ற முறை, அகம், அகாலம், அக்கா என்று மாறிவிடும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரவேண்டும் என்பதை லெக்சிகனைப் புரட்டிய பள்ளி மாணவன் அறிவான். கணினி தானாக அறியாது.

இக்குறைக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. தமிழ் வரிசை விதி சிஎல்டிஆர் என்னும் பொதுக் களஞ்சியத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஐசியு நூலகத்தின் வழியாகப் பைத்தானிலும் ஜாவாவிலும், உலாவியிலேயே அமைந்த ஒப்பீட்டு வசதியின் வழியாக ஜாவாஸ்கிரிப்டிலும் அதனைப் பெறலாம். முத்து அண்ணாமலை முதலியோர் வளர்த்த ஓப்பன்-தமிழ் நூலகமும் எழுத்தை எழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்த உதவும். கருவி இருந்தும் எடுத்தாளுவோர் சிலரே என்பதுதான் வருத்தத்துக்குரியது. நம் ஊர்களில் பெயர்ப் பட்டியல்கள் தமிழில் அச்சாகும்போது, நடராஜனுக்கும் பழனிக்கும் நடுவே னகரத்துக்கு இடம் ஒதுக்கிய சட்டகம் இன்றும் ஆட்சி செய்வதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை.

வரிசைக்கும் முற்பட்ட ஓர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். கொ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அகராதிக்கு அவை இரு வேறு திறவுச்சொற்கள். கொக்கி என்ற பாகத்தை ஒருவர் ஒரு முறையில் பதிந்து, மற்றொருவர் மறுமுறையில் தேடினால், கையிருப்பில் உள்ள சரக்கே இல்லையென்று விடை வரும். என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கத்தைச் செய்த பிறகே எந்தத் தமிழ்ச் சொல்லையும் திறவுச்சொல்லாக ஏற்கவேண்டும் என்பது விலக்கில்லாத விதியாகக் கொள்ளத்தக்கது.

இவையெல்லாவற்றையும் சீர்தூக்கி நாம் கொள்ளும் முடிவு இது. ஒரு மொழி இயல்பாகத் தரத்தக்கவற்றுள் இட்ட வரிசையே சிறந்தது. ஏனெனில் எழுதியவர் தாமே இட்ட முறை அது, அவர் அறியாத வேறொரு முறை அன்று. அதைத் தர இயலாத மொழி, கோ மொழியைப் போல வெளிப்படையாகக் குலைத்துக் காட்டுவதே முறை. பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றி, உறுதிமொழி மட்டும் கொடாமல் நிற்கும் நடுநிலைதான் தீங்கு விளைப்பது. இட்ட வரிசை உறுதியாகக் கிடைக்கும் மொழியிலும், பாகங்கள் லைனுக்குச் செல்லும் முறைபோல வரிசையே பொருளாகும் இடத்தில், அதனைப் பட்டியலாகத் தனியே எழுதி வைப்பதுதான் பின்வருவோருக்குச் செய்யும் உபகாரம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பொறியியற் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நிரல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு நாம் விடுக்கும் விண்ணப்பம் ஒன்றுண்டு. அகராதியைப் பற்றிய முதல் ஆய்வகப் பயிற்சியிலேயே, மாணவர் தம் வகுப்புத் தோழர் பெயர்களைத் தமிழில் திறவுச்சொற்களாக இட்டு, இயல்பாக்கம் செய்து, தமிழ் வரிசை விதிப்படி அச்சிடும்படி பணியுங்கள். அப்பயிற்சிக்குக் கூடுதலாக வேண்டுவது ஒரு நூலகமும் இரண்டொரு வரிகளுமே.